எட்டு லட்சத்தைத் தரையில் பதிப்பதற்கு முன்

கேள்வி: பாளையங்கோட்டையில் அப்பா 1987-இல் கட்டிய வீடு எங்களுடையது. ஐந்தரை சென்ட் மனை. கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் 1998-இல் எடுத்த ஓர் அறை. அப்பா 2021-இல் தவறிவிட்டார்; உயில் எழுதவில்லை. அம்மாவுக்கு 68 வயது, சென்னையில் என்னோடு இருக்கிறார். தம்பி மஸ்கட்டில். வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று மூவரும் முடிவு செய்திருக்கிறோம். "இப்படியே கொடுத்தால் 80 லட்சம்தான் போகும். டைல்ஸ், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் போட்டு எட்டு லட்சம் செலவழித்தால் 95 வரை வாங்கித் தருகிறேன்" என்கிறார் தரகர். வேலைக்கு ஆளும் அவரே பார்த்துத் தருவாராம். செலவழிக்கலாமா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வாசல்படி வரை வந்தது, உள்ளே வரவில்லை. வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா? இன்னொன்று: ஹாலில் தொங்கும் தேக்கு ஊஞ்சலை அம்மா கேட்கிறார். எடுத்துவிட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடாதா?
— சென்னையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எட்டு லட்சத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒன்றே கால், மிஞ்சிப்போனால் ஒன்றரை லட்சத்துக்குள் முடிகிற வேலைதான் அந்த வீட்டில் இருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. ஆனால் பணம் செலவாகாத வேலை நிறைய இருக்கிறது. தரகர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் கட்டடப் பொறியாளர். வீட்டுக் கடனுக்காக வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து தருவது என் பிழைப்பு. உங்கள் வீட்டை வாங்க வருகிறவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வாங்குவார். அப்போது என்னைப் போல ஒருவர் டேப்பும் கேமராவுமாக வந்து நிற்பார். அவர் எப்படிக் கணக்குப் போடுவார் என்று தெரிந்தால் எட்டு லட்சக் கணக்கு உங்களுக்கே புரிந்துவிடும். மனைக்குத் தனியாக ஒரு மதிப்பு, கட்டடத்துக்குத் தனியாக ஒரு மதிப்பு. இதே கட்டடத்தை இன்றைக்குப் புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்று பார்த்து, அதில் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்போம். கான்கிரீட் வீட்டுக்கு ஆயுள் அறுபது வருடம் என்று வைத்துக்கொண்டால், முப்பத்தெட்டு வயதான உங்கள் வீட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் தேய்மானத்திலேயே போய்விடும். மேலே ஃபால்ஸ் சீலிங் தொங்குகிறது என்பதற்காக வீட்டின் வயது குறையாது. உங்கள் விலையில் பெரும்பகுதி அந்த ஐந்தரை சென்ட் மனையில்தான் இருக்கிறது. மனைக்கு யாரும் டைல்ஸ் போட முடியாது.

95 லட்சம் சொல்லி விற்கப் பார்க்கிறீர்கள், மதிப்பீட்டாளர் 82 என்று எழுதுகிறார் என்று வையுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி மதிப்பில் 80 சதவீதம்தான் கொடுக்கலாம். அது அறுபத்தைந்தரை லட்சம் சொச்சம். மீதி முப்பது லட்சத்தை வாங்குகிறவர் கையிலிருந்து போட வேண்டும். அது தவிர முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். அந்த இடத்தில்தான் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். தரகருக்கு அப்போதும் நஷ்டமில்லை. ஆள் பார்த்துக் கொடுத்த வகையில் அவருக்கு ஏற்கெனவே ஏதோ வந்திருக்கும்.

வீடு பார்க்க வருகிறவர் மனத்தில் ஓடுவது அழகு அல்ல. "இதில் என்ன வில்லங்கம் இருக்குமோ" என்பதுதான். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று மனத்துக்குள்ளேயே கழித்துக்கொண்டே நடப்பார். அந்தச் சந்தேகங்களை அவர் வருவதற்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. சந்தேகம் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும்: பத்திரப் பெட்டியில், மொட்டை மாடியில்.

பெட்டியிலிருந்து ஆரம்பிப்போம். அப்பாவின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம், பட்டா, நகராட்சி ஒப்புதல் கொடுத்த கட்டட வரைபடம், கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை இவ்வளவையும் ஒரே கோப்பில் போடுங்கள். வரைபடத்தைத் தேடும்போது "மாநகராட்சி" என்ற பெயரைத் தேடாதீர்கள். திருநெல்வேலி மாநகராட்சி வந்ததே 1994-இல்தான். உங்கள் அப்பா கட்டிய காலத்தில் அது பாளையங்கோட்டை நகராட்சி. நீல மை ஓடிய, நாலாய் எட்டாய் மடித்த, மடிப்பில் கிழிந்துபோன தாளாக இருக்கும். ஓரத்தில் ரப்பர் முத்திரையும் ஒரு சாய்ந்த கையெழுத்தும். பலர் அதைப் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்து நிற்பார்கள். கிடைத்தால் முதல் வேலையாக ஸ்கேன் எடுத்துவிடுங்கள், மடிப்பைத் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டாம்.

அப்புறம் வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். அப்பா மனை வாங்கிய வருடத்திலிருந்து இன்று வரை எடுங்கள். அப்பா வீடு கட்டக் கடன் வாங்கியிருந்தாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். அந்தக் காலத்தில் கடனுக்குப் பத்திரத்தை ஒப்படைத்ததைப் பதிவு செய்திருந்தால் அது வில்லங்கத்தில் ஏறியிருக்கும். கடனை அடைத்த பிறகு ரசீது ஆவணம் என்று ஒன்றைப் பதிவு செய்தால்தான் அந்தக் கணக்கு தீர்ந்தது என்று பொருள். அதைச் செய்யாமல் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள் ஏராளம். கடன் முடிந்து இருபது வருடம் ஆகியிருக்கும், வில்லங்கத்தில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கும். வாங்குகிறவரின் வக்கீல் முதலில் சுழிப்பது அந்த வரியைத்தான். அப்படி ஏதாவது இருந்தால் கடன் கொடுத்த இடத்துக்கு இப்போதே எழுதுங்கள். கிளை மாறியிருக்கும், பெயர் மாறியிருக்கும், பழைய கணக்கை அவர்கள் தேடி எடுக்க மாதக்கணக்காகும்.

வாரிசுச் சான்றிதழ் எடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வட்டாட்சியர் தருவார். உயில் இல்லாததால் அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சமமாக வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு கேள்வி: 2021-இல் அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, உங்கள் ஆச்சி, உயிரோடு இருந்தாரா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, பிள்ளைகளுக்கு என்ன பங்கோ அதே பங்கு அவருக்கும் உண்டு. தென்காசிப் பக்கம் நான் மதிப்பீடு செய்த ஒரு வீட்டில் மகன் போய் எட்டு மாதம் கழித்துத்தான் தாயார் போனார். அந்த எட்டு மாதத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முன்பணம் வாங்கிய பிறகு வாங்குகிறவரின் வக்கீல் இரண்டு இறப்புச் சான்றிதழின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். தாயாரின் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். ஆக, நாலு அத்தைமார் கையெழுத்து வேண்டும். மூன்று பேர் உடனே போட்டுவிட்டார்கள். நாலாவது அத்தைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்கவில்லை என்று ஆறு வருடக் கோபம். அந்தக் கையெழுத்துக்காக ஏழு மாதம் போனது. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இப்போதே தட்டோடு வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பட்டாவையும் வாரிசுகள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அதே கையோடு பட்டாவில் உள்ள பரப்பையும் பத்திரத்தில் உள்ள பரப்பையும் ஒத்துப் பாருங்கள். ஐந்தரை சென்ட் என்றால் 2,395 சதுர அடி சொச்சம். பழைய பகுதிகளில் பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் ஒன்று, இடத்தில் அளந்தால் வேறொன்று என்று மூன்று கணக்கு இருப்பது சகஜம். வித்தியாசம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நில அளவைக்கு விண்ணப்பித்து அளந்து, நாலு மூலையையும் குறித்துவிட்டு, இருக்கிற இடத்துக்கு விலை சொல்லுங்கள். விலை பேசி முடித்த பிறகு நாற்பது சதுர அடி குறைகிறது என்று தெரிந்தால், வாங்குகிறவர் நாற்பது சதுர அடிக்கான பணத்தைக் கழிப்பதோடு நிற்க மாட்டார். உங்கள் பேச்சையே நம்ப மாட்டார்.

தம்பி விஷயம். கிரயத்துக்கு நேரில் வர முடியாதென்றால் அவர் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி. தம்பி விடுமுறையில் வருகிறார், தன் பங்கை அம்மாவுக்கு விட்டுக் கொடுக்கவும் மனம் இருக்கிறது என்றால் விடுதலைப் பத்திரம் எழுதலாம். குடும்பத்துக்குள் என்பதால் 2023 ஜூலையிலிருந்து முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. ஆனால் எழுதிக் கொடுத்த நிமிடத்திலிருந்து சட்டப்படி அவருக்கு அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. "பேச்சுக்குத்தானே எழுதுகிறோம், பணம் வந்ததும் பிரித்துக்கொள்ளலாம்" என்று செய்கிற குடும்பங்கள் உண்டு. அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மாடி அறைக்கு அனுமதி வாங்கியிருக்க மாட்டீர்கள், சரிதானே? 1998-இல் எடுத்த அறைக்கு வரைபடம் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வங்கி அந்த அறையை மதிப்பில் சேர்க்காது. "மூன்று படுக்கையறை வீடு" என்று விளம்பரம் கொடுக்காதீர்கள். கீழே இரண்டு, மாடியில் வரைபடத்தில் சேராத ஓர் அறை என்று சொல்லியே விற்கலாம். மறைத்து வைத்து மதிப்பீட்டாளர் வாயால் வெளியே வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது மொட்டை மாடி. நீங்கள் சென்னையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், வீடு இரண்டு மழைக்காலமாகப் பூட்டியிருக்கிறது. ஒரு சனிக்கிழமை போய்க் காலையில் மேலே ஏறிப் பாருங்கள். தண்ணீர் வடியும் குழாய் வாயில் வேப்பிலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்திருக்கும். அந்த மண்ணில் புல் முளைத்திருக்கும். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் ஓர் அரசங்கன்று விரல் உயரத்தில் நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் வேர் ஏற்கெனவே சுவருக்குள் ஒரு முழம் போயிருக்கும். வெறுமனே பிடுங்கினால் மறுபடி தழைக்கும். வெடிப்பைக் கொத்தி வேரோடு எடுத்துவிட்டுப் பூச வேண்டும். தட்டை ஓடு பதித்த தளம் என்றால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள இணைப்புகளைக் காசை வைத்துக் கீறிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. தளம் முழுவதையும் பெயர்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள். இணைப்புகளைச் சுரண்டி, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் மறுபடி அடைத்தாலே பெரும்பாலும் போதும். முடித்த பிறகு வடிகுழாய்களைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கி வையுங்கள். மறுநாள் கீழே வந்து சீலிங்கைப் பாருங்கள். காய்ந்திருந்தால் வேலை முடிந்தது.

சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கம்பி துரு ஏறிக் காரை பெயர்ந்து தொங்கினால் வாங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். வீடே இடிந்து விழப்போகிறது என்று முடிவு கட்டிவிடுவார். நல்ல கொத்தனாருக்கு அது இரண்டு நாள் வேலை.

தரையைத் தொடாதீர்கள். 1987-இல் கட்டிய வீடு என்றால் மொசைக் தரையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை உயரும், எல்லாக் கதவுகளின் அடியையும் சீவ வேண்டும், வாசல்படி குட்டையாகிவிடும், நடக்கும்போது சில இடங்களில் டொக் டொக் என்று வெற்றொலி கேட்கும். மொசைக்குக்கு மெஷின் வைத்துப் பாலிஷ் போடும் ஆட்கள் திருநெல்வேலியில் இன்னும் இருக்கிறார்கள். மூன்று நாளில் முடித்து, ஆக்சாலிக் பொடி போட்டுத் துடைத்துக் கொடுத்தால் உங்கள் அப்பா குடிபுகுந்த அன்றைக்கு இருந்த பளபளப்பு வந்துவிடும். டைல்ஸ் செலவில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. வருகிறவர்களுக்கு மொசைக் பிடிக்காவிட்டால் அவர்களே மாற்றிக்கொள்ளட்டும். மாடுலர் கிச்சனுக்கும் இதே பதில்தான். உங்கள் ரசனையில் போட்ட அலமாரியை வாங்குகிறவர் பிடுங்கி எறிவார்.

பெயிண்ட் கடைசி. மேலிருந்து வரும் கசிவு நின்று, சுவர் ஒரு மாதம் காய்ந்த பிறகு. ஓதம் ஏறிய சுவரில் அவசரமாகப் பெயிண்ட் அடித்தால் மூன்றே வாரத்தில் அப்பளம் போல உப்பும், அதன் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மதிப்பீட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னினால் நான் நேராக அந்தச் சுவரிடம்தான் போவேன். கையை வைத்தால் குளிர்ந்திருக்கும். வெள்ளையோ இளம் மஞ்சளோ, எல்லா அறைக்கும் ஒரே நிறம் போதும்.

கிணறு இருந்தால் தூர்வாரி, வலை போட்டு மூடுங்கள். மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். பாளையங்கோட்டையில் வீடு பார்க்க வருகிறவர், அதுவும் பெண்கள், கேட்கிற முதல் கேள்வி "ஆத்துத் தண்ணி வருதா?" என்பதுதான். குழாயைத் திறந்து கையில் பிடித்து ஒரு வாய் குடித்தும் பார்ப்பார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு நாக்குதான் ஆய்வுக்கூடம். இரண்டு வருடம் மூடிக் கிடந்த குழாயில் முதலில் துருத் தண்ணீர் வரும். ஆள் வருவதற்கு முந்தின நாளே தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாயையும் கால் மணி நேரம் ஓடவிட்டுவிடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் சொல்வார், அவர் சொன்னால் தண்ணீர் ஜன்னல் வரை ஏறியிருக்கும். 2023 டிசம்பர் 17, 18-இல் என்ன நடந்தது என்று அந்த மாவட்டத்தில் தெரியாதவர் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அந்த மழையிலும் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி. அதை ஏன் ஒளிக்க வேண்டும்? அன்றைக்கு யாராவது கைப்பேசியில் படம் எடுத்திருப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி, எந்தப் படி வரை வந்தது என்று அந்தப் படியிலேயே நின்று காட்டுங்கள். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. விற்கிறவருக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பது 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்திலேயே இருக்கிறது.

வீட்டை ஒழிப்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அண்டாவும் உருளியும் பரணில் எவ்வளவு கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவை ஒரு வாரம் அழைத்துக்கொண்டு போய், எது சென்னைக்கு, எது சொந்தக்காரர்களுக்கு, எது எடைக்கு என்று அவர் கையாலேயே பிரிக்க விடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு பிரித்தால் ஒரு பத்தமடைப் பாய்க்காகப் பத்து வருடம் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கும். மாலை போட்ட அப்பாவின் படத்தையும் அம்மாவோடு அழைத்துப் போய்விடுங்கள். அது சுவரில் இருந்தால் பார்க்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு "எந்த ரூம்ல?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். சாமி படங்கள் இருக்கட்டும். தெரிந்த பெண் யாராவது பக்கத்தில் இருந்தால் வெள்ளி, செவ்வாயில் கதவைத் திறந்து பெருக்கி ஒரு விளக்கு ஏற்றச் சொல்லுங்கள். சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை. வாரம் இரண்டு தடவை காற்றோட்டம் கிடைத்தால் பூட்டிய வீட்டு வாடை போய்விடும். அந்த வாடையோடு எந்த வீடும் நல்ல விலைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

வாஸ்துவுக்காக எதையும் இடிக்க வேண்டாம். உங்களுக்குச் சொல்கிற நிபுணர் வேறு, வாங்குகிறவர் கூட்டிவரும் நிபுணர் வேறு. இரண்டு பேரும் ஒரே மூலையைச் சொல்லப்போவதில்லை.

விலை பேசி முடிந்தால் கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி மேசை டிராயரில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. முன்பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் உங்கள் தலையில் விழலாம். "பத்திரத்தில் குறைத்துப் போடுவோம், மீதியைக் கையில் தருகிறேன்" என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. மொத்த விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால், வாங்குகிறவர் உங்களுக்கும் அம்மாவுக்கும் கொடுப்பதில் ஒரு சதவீதம் வரி பிடிப்பார். மூன்று பேர் பங்கும் தனித்தனியே 50 லட்சத்துக்குக் கீழ்தானே என்ற வாதம் 2024 அக்டோபருக்குப் பிறகு செல்லாது. தம்பி வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்கு ஒரு சதவீதம் அல்ல, அதைவிட மிக அதிகம். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றை அவர் வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். மூலதன ஆதாய வரிக்கு, அதாவது விற்றதில் வரும் லாபத்துக்கான வரிக்கு, அப்பா வாங்கிய விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1-இல் இருந்த மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 12.5 சதவீதமா, பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கும் அம்மாவுக்கும் உண்டு, தம்பிக்கு இல்லை. முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள், வாங்கிய பிறகு அல்ல.

இன்னும் மூன்று வாரத்தில் ஆடி பிறக்கிறது. ஆடியில் வீடு பார்க்க ஆள் வருவது அபூர்வம், அது உங்களுக்கு நல்லதே. ஆடி முழுக்கப் பத்திர வேலையும் மாடி வேலையும். ஆவணியில் பாலிஷ், பெயிண்ட். ஆவணிக் கடைசியில் தரகரைக் கூப்பிடுங்கள். பழைய தரகரே இருக்கட்டும், கூட இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். தள்ளிப்போட்டு ஐப்பசி அடைமழையில் ஆள் வந்து நின்றால் சிரமம். தண்ணீர் நிற்பது தெரு முழுக்கத் தெரியும்.

ஊஞ்சலுக்கு வருகிறேன். அம்மா கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஆனால் முதல் ஆள் வீடு பார்க்க வருவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஒருவர் கண்ணால் பார்த்த பொருள் அவர் மனத்தில் விலையோடு சேர்ந்துவிடும். பிறகு "அது கிடையாது" என்றால் வீட்டையே பாதி பெயர்த்துக்கொண்டு போனது போலப் பேசுவார். மற்றபடி ஃபேன், இன்வெர்ட்டர், மோட்டார் என்று எதெது வீட்டோடு போகிறது என்பதை உடன்படிக்கையில் எழுதிவிடுங்கள். ஊஞ்சலைச் சங்கிலியோடு எடுத்துக்கொள்ளுங்கள். சீலிங்கில் உள்ள நாலு கொக்கிகளை மட்டும் விட்டுவிடுங்கள். அதை அறுக்கப் போனால் காரை பெயரும்.